எவர்சில்வர் துப்பாக்கியும் புதர்க்காடும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாடு முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். வழக்கமாகப் பழைய பள்ளிக்கூடப் படம், மாடித்தோட்டத்துக் கத்தரிக்காய் என்று போடுகிற டீச்சர் இன்று துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறாளே என்று பதறாதீர்கள். காரணம் இருக்கிறது.

என் அண்ணன் மகன் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறான். போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. பெயர் வேண்டாம், உறவுகளுக்குத் தெரியும். அவனோடு வேலை பார்ப்பவர்கள் வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள். அங்கே அதற்கென்று பருவம் உண்டு, உரிமம் உண்டு, வகுப்பு உண்டு. இந்த வருஷம் இவனும் போவதாக இருக்கிறான். துப்பாக்கி வாங்க வேண்டும். மழை, பனி எதற்கும் துருப்பிடிக்காத எஃகில் செய்த லீவர் துப்பாக்கி ஒன்றைக் கடையில் பார்த்து வைத்திருக்கிறான். படம் அனுப்பினான். பார்த்தால் நம் வீட்டு எவர்சில்வர் குடம் மாதிரிப் பளிச்சென்று இருக்கிறது.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து அண்ணன் மகனோடு பேசுவதில்லை. "வாயில்லா ஜீவனைச் சுடறதுக்கா இவனைப் படிக்க வெச்சேன்" என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அண்ணி எனக்குச் சொன்னாள். பிறகு அவனே கூப்பிட்டான்.

"அத்தை, நீங்க திட்டாம கேப்பீங்கன்னு தெரியும். புதர்க்காட்டுக்கு எந்தத் துப்பாக்கி சரியா இருக்கும்?"

ரிட்டயர்டு டீச்சரிடம் கேட்கிற கேள்வியா இது என்று உங்களுக்குத் தோன்றும். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து 1983இல் எனக்குக் கிடைத்த முதல் வேலை, அன்றைய தர்மபுரி மாவட்டத்தில் அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக்கிராமத்து ஈராசிரியர் பள்ளி. எட்டு வருஷம் அங்கே இருந்தேன். கோடை விடுமுறைக்கு என்னோடு வந்து தங்கும் அண்ணன் மகனுக்கு ராத்திரியில் அரிக்கேன் வெளிச்சத்தில் நான் சொன்ன கதைகள் எல்லாம் கென்னத் ஆண்டர்சன் எழுதிய வேட்டைக் கதைகள். தலைமையாசிரியர் பெங்களூரில் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்து கொடுத்தவை. ஆக, விதை போட்டவள் அத்தை. முளைத்தபின் என்னிடம்தானே கேட்பான்?

அவனுக்குத் தொலைபேசியில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்கள் பலருக்கும் இப்படி அழைப்பு வரும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஆண்டர்சனைப் பற்றி. 1910இல் பிறந்து 1974இல் மறைந்தவர், பெங்களூர்வாசி. முதல் புத்தகம் 1954இல் வந்தது. ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் என்று அவர் நடந்த காடுகளில் பாதிக்குமேல் இன்றைய தமிழ்நாட்டில் இருக்கின்றன. அன்றைக்கு அவையெல்லாம் சேலம் மாவட்டம். ஆளைக் கொல்லும் புலி, சிறுத்தைகளைத் தேடிப் போன அவர் கையில் இருந்தது வின்செஸ்டர் கம்பெனியின் 1895ஆம் வருஷ மாதிரி, .405 லீவர் துப்பாக்கி. வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்கா போனபோது கொண்டுபோனதும் அதே மாதிரிதான். என் அண்ணன் மகன் இன்று கடையில் பார்த்து ஆசைப்படுவது அதற்குத் தம்பி முறை ஆகிற துப்பாக்கி.

லீவர் என்றால் என்ன? விசைக்கு அடியில் விரல் நுழையும் வளையம் ஒன்று இருக்கும். சுட்டபின் அந்த வளையத்தைக் கீழே தள்ளினால் காலித் தோட்டா வெளியே விழும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். தோளிலிருந்து துப்பாக்கியை எடுக்க வேண்டியதில்லை. பார்வையையும் விலக்க வேண்டியதில்லை. ஆளும் குட்டை, பக்கவாட்டில் தட்டை. செடி கொடியில் சிக்குகிற மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிடி இல்லை. நூறு கெஜத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும் புதர்க்காட்டுக்கு இது தோதான அமைப்பு. புலி பாய்ந்து வந்தால் இரண்டாவது குண்டுக்குக் கை தேட நேரம் இருக்காது என்பதால் ஆண்டர்சனுக்கும் இது பிடித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு நுட்பம் கவனிக்க வேண்டும். இன்று விற்கும் பெரும்பாலான லீவர் துப்பாக்கிகளில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும், டார்ச் லைட்டில் பேட்டரி போடுகிற மாதிரி. ஒன்றின் மூக்கு அடுத்ததன் முதுகில் முட்டிக்கொண்டிருக்கும். அந்த முதுகின் நடுவில்தான் தட்டினால் வெடிக்கிற மருந்து இருக்கிறது. மூக்கு கூர்மையாக இருந்து, துப்பாக்கி அதிர்ந்தால் என்ன ஆகும்? அதனால்தான் குழாய் வகைக்குத் தட்டை மூக்குத் தோட்டா, இல்லாவிட்டால் முனையில் மென்மையான பிளாஸ்டிக் வைத்து அதற்கென்றே செய்தது. வேறு போடக்கூடாது. ஆண்டர்சன் வைத்திருந்த 1895 மாதிரியில் குழாய் கிடையாது, தோட்டாக்கள் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அதனால் அதில் இந்தத் தொல்லை இல்லை. கடைக்காரர் சொல்லுவார் என்று விட்டுவிடாமல் துப்பாக்கியோடு வரும் கையேட்டைப் படி என்று சொன்னேன். கேள்வித்தாளை முழுசாகப் படித்துவிட்டு எழுது என்று நாற்பது வருஷம் சொன்ன வாய், சும்மா இருக்குமா?

அடுத்தது எவர்சில்வர். இந்தக் கதை உங்களுக்குப் பிடிக்கும். 1912இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஊரில் ஹாரி பிரியர்லி என்பவரிடம் ஒரு வேலை வந்தது. துப்பாக்கிக் குழல் உள்ளே சீக்கிரம் தேய்ந்துபோகிறது, தேயாத எஃகு வேண்டும் என்றார்கள். அவர் குரோமியத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். கிடைத்த எஃகு துருப்பிடிக்க மறுத்தது. கத்தி, கரண்டி செய்ய இது உதவுமே என்று பிடித்துக்கொண்டார். துப்பாக்கிக்கென்று தேடப்போய்த்தான் நம் தட்டும் டம்ளரும் வந்தன! நூறு வருஷம் சுற்றி அது மறுபடி துப்பாக்கிக்கே போயிருக்கிறது. ஆண்டர்சன் அலைந்த அதே சேலத்தில் 1981இலிருந்து எவர்சில்வர் தகடு உருட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகிறது. கீறினாலும் காற்றுப் பட்டதும் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் துருவே பிடிக்காது என்று நம்பிவிடக்கூடாது. நாவலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முட்டுக்காடு பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் எங்கள் பால்கனியின் எவர்சில்வர் கம்பியே இரண்டு வருஷத்தில் டீக்கறை மாதிரிப் புள்ளி விழுந்துவிட்டது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் துடைக்கிறேன். துப்பாக்கியும் அப்படித்தான். பனியில் நடந்து, வியர்த்த கையால் பிடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து துடைத்து எண்ணெய் போடாவிட்டால் எவர்சில்வரும் ஏமாற்றும். பளபளப்புக்கு மயங்காதே, மங்கலாக முடித்த மேற்பரப்பு இருந்தால் அதை எடு, வெயில் பட்டு மின்னாது என்றும் சொன்னேன்.

இனி எந்த அளவு. கடையில் எவர்சில்வர் வகையில் .45-70 தான் அதிகம் கண்ணில் பட்டதாம். இந்தப் பெயரே ஒரு கணக்கு. .45 அங்குலக் குண்டு, 70 கிரெயின் கரிமருந்து. 1873இல் அமெரிக்கப் படைக்காக வந்தது. பெரிய குண்டு, தோளில் பெரிய உதை. இன்னொன்று .30-30. 1895இலிருந்து அங்கே மானுக்கென்றே பழகிப்போனது. நண்பர்கள் இவனுக்குச் சொன்ன யோசனை: "பெரியதை எடு. அது புதரைக் கிழித்துக்கொண்டு போகும். சின்னது கிளையில் பட்டால் விலகிவிடும்."

இங்கேதான் நான் அவனை நிறுத்தினேன்.

குண்டு குழலை விட்டு வரும்போது சுழன்றுகொண்டே வருகிறது. குழலுக்குள் இருக்கும் வரிகள் அதைச் சுழற்றிவிடுகின்றன. நேராகப் போவதற்கு அந்தச் சுழற்சிதான் காரணம். பம்பரம் நன்றாகத் தூங்கும்போது ஒரு ஈர்க்குச்சியால் தொட்டுப் பாருங்கள். தலை ஆடும், தடம் மாறும். குண்டும் அதே பம்பரம்தான். குச்சிகளை நட்டு வைத்து, பின்னால் அட்டையை வைத்துச் சுட்டுப் பார்த்தவர்கள் நிறைய உண்டு. பெரிய குண்டு, சின்னக் குண்டு, மெதுவானது, வேகமானது எல்லாமே விலகியிருக்கின்றன. அளவில்தான் வித்தியாசம். மான் புதரை ஒட்டி நின்றால் பரவாயில்லை என்கிற அளவு விலகல், புதர் உன் பக்கத்திலும் மான் தூரத்திலும் இருந்தால் மானை விட்டு எங்கோ போய்விடும். எங்கே போனது என்று உனக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. "புதரைக் கிழிக்கும் துப்பாக்கி" என்ற நம்பிக்கை மனதில் இருந்தால், புதருக்குப் பின்னால் அரைகுறையாகத் தெரிவதைச் சுடத் துணிவு வந்துவிடும். காடு முழுக்க மனிதர்களும் இருக்கிற பருவத்தில் அந்தத் துணிவு எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. சம்பந்தப்பட்ட மாணவி இப்போது என் முகநூல் நட்பில் இருக்கிறாள். போன வாரம் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், நாலு பேருக்குப் புத்தி வரட்டும்" என்றாள். ஊர் பெயர், ஆள் பெயர் சொல்லமாட்டேன்.

நான் அந்த மலைக்கிராமத்துக்குப் போன மூன்றாவது வருஷம். கேழ்வரகு கதிர் முற்றியிருந்த நேரம். காட்டுப்பன்றியும் மானும் ராத்திரியில் இறங்கி ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாட்டைத் தின்றுவிட்டுப் போகும். அதனால் ஆண்கள் கொல்லையில் காவல் இருப்பார்கள். சில வீடுகளில் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. உரிமம் கிடையாது. வாய்வழியாகக் கரிமருந்து போட்டு, துணி அடைத்து, ரவை போட்டு, கம்பியால் கெட்டிக்கிற வகை. கொல்லையைச் சுற்றிலும் உண்ணிச்செடிப் புதர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளை மூடிவிட்ட அதே செடி. ஆள் உயரத்துக்கு நிற்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டப்பகலிலேயே தெரியாது.

மூன்றாம் வகுப்பில் படித்த அந்தப் பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் காவலுக்குப் போனார்கள். ஆளுக்கு ஒரு மூலை. நடுராத்திரியில் அப்பா எதற்கோ எழுந்து, யாரிடமும் சொல்லாமல் புதர் ஓரமாக நடந்திருக்கிறார். இலை சரசரத்தது. மாமன் சுட்டார்.

காலையில் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. நானும் தலைமையாசிரியரும் போனோம். மாமன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஓடவில்லை, ஒளியவில்லை. போலீஸ் வரும்வரை அப்படியே இருந்தார். என்னைப் பார்த்து ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"பன்னின்னு நெனச்சேன் டீச்சர்."

தலைமையாசிரியர் கேட்டார், "கண்ணால பாத்தியாப்பா?"

"சத்தம் கேட்டுச்சு சார்."

அந்த வீட்டில் ஒரே ராத்திரியில் இரண்டு ஆண்கள் போனார்கள். ஒருவர் மண்ணுக்குள், ஒருவர் ஜெயிலுக்குள். அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் புருஷனுக்காக அழுவதா, கூடப் பிறந்தவனுக்காக அழுவதா என்று தெரியவில்லை. பாட்டி இருவரையும் சேர்த்தே அழுதாள். அந்தச் சிறுமி இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். பின்னால் யாராவது காய்ந்த இலையை மிதித்தால் திடுக்கிட்டுத் திரும்புவாள். இன்று அவளுக்கு இரண்டு பிள்ளைகள், நல்ல வேலையில் இருக்கிறாள். மாமன் வெளியே வந்தபின் கடைசிவரை அவர்கள் வீட்டில்தான் இருந்தாராம். கஞ்சி ஊற்றியது அவள் அம்மா. போன வாரம்தான் எனக்கு இது தெரிந்தது. பேசி முடித்து வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

பத்திரிகையில் இப்போதும் அவ்வப்போது இதே செய்தி வருகிறது. பன்றி என்று நினைத்து நண்பரைச் சுட்டார், மான் என்று நினைத்து உறவினரைச் சுட்டார். படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் இதிகாசங்கள் நினைவுக்கு வரும். தசரதன் இருட்டில் யானை தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்து, ஓசையை வைத்து அம்பு விட்டான். குடத்தில் தண்ணீர் மொண்ட பிள்ளை செத்தான். பாண்டு காட்டில் மான் ஜோடி என்று அடித்தான். மான் உருவத்தில் இருந்த முனிவரும் மனைவியும் என்று பிறகுதான் தெரிந்தது. கண்ணன் முடிவும் அப்படித்தான். வேடன் ஒருவன் பாதத்தைப் பார்த்து மான் என்று நினைத்து எய்தான். தசரதன் குறி தவறவில்லை. வேடன் குறியும் தவறவில்லை. மூன்று பேருமே கை தேர்ந்தவர்கள், நல்ல ஆயுதம் வைத்திருந்தவர்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்து, முழுசாகப் பார்த்திருந்தால் இரண்டு இதிகாசங்களும் வேறு மாதிரிப் போயிருக்கும்.

அதனால் அண்ணன் மகனுக்கு நான் சொன்ன பதில் இது. "கண்ணு, புதர்க்காட்டுக்கு எந்தத் துப்பாக்கி என்று கேட்டாய். குட்டையானது, உன் தோளுக்கு உதை தாங்குகிற அளவு, மழைக்குத் தாங்குகிற எஃகு. அவ்வளவுதான். .30-30 உனக்குத் தாராளம். உதை குறைவாக இருந்தால் பயிற்சிக்கு நிறையச் சுடுவாய், பயமில்லாமல் சுடுவாய், கை படியும். புதரைக் கிழிக்க எந்தத் துப்பாக்கியும் இல்லை. மான் முழுசாகத் தெரிகிற இடைவெளி வரும்வரை காத்திரு. வராவிட்டால் திரும்பி வா."

இப்போது சட்டம். நம் ஊர்ப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு ஏதாவது ஆசை வளர்க்கக் கூடாது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 1991இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இங்கே இடமே கிடையாது. கிண்டியில் மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர் காட்டில் புள்ளிமானும் வெளிமானும் பிழைத்துக்கொண்டிருக்கின்றன. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்துப் புதர்க்காட்டில் மான் நிற்பதைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நமக்கு மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். அவற்றைப் பார்க்கக் கண் போதும், கேமரா போதும்.

அங்கே நிலைமை வேறு. 1900 வாக்கில் அமெரிக்காவிலும் விற்பனைக்காகச் சுட்டுச் சுட்டு வெள்ளைவால் மான் சில லட்சமாகக் குறைந்துவிட்டது. பிறகு கட்டுப்பாடு கொண்டுவந்து, காட்டை வளர விட்டு, இன்று கோடிக்கணக்கில் பெருகியிருக்கிறது. பென்சில்வேனியாவில் அதைத் தின்ன ஓநாயும் இல்லை, பெரிய பூனையும் இல்லை, முன்பே அழித்துவிட்டார்கள். மான் கூட்டம் இளங்கன்றுகளை மேய்ந்து காட்டை வளரவிடுவதில்லை. ஆகவே கணக்குப் பார்த்து உரிமம் கொடுக்கிறார்கள். துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரி 1937ஆம் வருஷச் சட்டப்படி வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. இதையெல்லாம் அவன் சொன்னபோது குறித்துக்கொண்டு, சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன்.

விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் பொதுவாக அங்கே துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. நண்பன் "சும்மா பிடிச்சுப் பாரு" என்று நீட்டினாலும் முதலில் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள். அண்ணன் மகனுக்கு கிரீன் கார்டு இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

அவனிடம் எழுதி வாங்கிக்கொண்ட வாக்குறுதிகளைக் கீழே தருகிறேன். யாருக்காவது பயன்படும்.

1. முதல் உரிமத்துக்கு முன் அந்த மாநிலத்து வேட்டைப் பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும். தேர்வில் பாஸ் என்பதற்காகப் படிக்காமல், புரிந்து படிக்க வேண்டும்.

2. துப்பாக்கி காலி என்று தெரிந்தாலும் தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும். வாய் எப்போதும் ஆளில்லாத பக்கம். சுட முடிவு செய்யும்வரை விரல் விசைக்கு வெளியே.

3. ஆரஞ்சு உடை. பென்சில்வேனியாவில் அந்தப் பருவத்துக்கு 250 சதுர அங்குலம் தலையிலும் மார்பிலும் முதுகிலும் தெரிய வேண்டும் என்று சட்டம். ஏறக்குறைய 16 அங்குலச் சதுரத் துணி அளவு. மானின் கண்ணுக்கு ஆரஞ்சும் பச்சையும் பிரித்துத் தெரியாது. மனிதன் கண்ணுக்குத் தெரியும். அந்த உடை மற்ற வேட்டைக்காரர்களுக்காக.

4. தலை, உடல், கால் மூன்றும் தெரிய வேண்டும். பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். சத்தத்தைச் சுடக்கூடாது. அசைவைச் சுடக்கூடாது. நிறத்தைச் சுடக்கூடாது.

5. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கூட வந்தவர்களுக்குச் சொல்லிவிட்டு எழ வேண்டும். இது ஏன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

6. லீவர் துப்பாக்கியில் சுத்தியல் வெளியே தெரியும். அதைச் சுடாமல் மெல்ல இறக்குவதைக் காலித் துப்பாக்கியில் நூறு தடவை பழக வேண்டும். குளிரில் விரல் மரத்துப்போகும்போதுதான் அது வழுக்கும்.

7. ஈயக் குண்டு உடைந்து தூள் இறைச்சியில் கலக்கும். பிள்ளைகள் சாப்பிடுகிற வீடு, தாமிரக் குண்டு கிடைத்தால் அதை வாங்கு.

8. வீட்டில் இரும்புப் பெட்டி. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். சாவி பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில். பெட்டி வந்தபின்தான் துப்பாக்கி வீட்டுக்குள் வரவேண்டும்.

எட்டாவதைச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அத்தை, பெட்டி போன வாரமே வந்துடுச்சு" என்றான். படம் அனுப்பினான். என் மனதில் இருந்த பாதி பாரம் அப்போது இறங்கியது.

அண்ணா, இனி உனக்கு. நீ லைக் போடமாட்டாய், ஆனால் என் பதிவு எல்லாவற்றையும் படிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. மானைச் சுடுவது எனக்கும் சம்மதமில்லை. என் கொல்லையில் ஒரு மான் வந்து நின்றால் கீரையைப் பிடுங்கிப் போடுவேனே தவிர வேறு செய்யமாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கறிக்கடை வரிசையில் நிற்கிறவர்கள்தானே நாம் இருவரும். அந்த ஆடு கட்டிக் கிடந்து, லாரியில் வந்து சாகிறது. அவன் சொல்லும் மான் கடைசி நிமிஷம்வரை காட்டில் திரிந்திருக்கும். எது பாவம் கூடுதல் என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. அதை அவனே கடவுளிடம் பேசிக்கொள்ளட்டும்.

உன் கோபத்துக்குள் ஒரு பயம் இருக்கிறது என்று அண்ணி சொன்னாள். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாயாம். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் துப்பாக்கி என்று முணுமுணுத்தாயாம். அதை ஏன் அவனிடம் சொல்லவில்லை? "பாவம்" என்று சொன்னால் அவன் வாதாடுவான். "பயமா இருக்குடா" என்று சொன்னால் கேட்டுக்கொள்வான். நீ பேசாமல் இருப்பதால் அவன் எதையும் நிறுத்தப்போவதில்லை. எட்டு வாக்குறுதியும் அத்தைக்குக் கொடுத்தவை. அப்பாவுக்குக் கொடுத்தால் காட்டில் அவன் கை இன்னும் கொஞ்சம் பொறுக்கும். பருவம் தொடங்க இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. அங்கே காலை எட்டு மணி என்றால் நமக்குச் சாயந்திரம். காபி குடித்துவிட்டுக் கூப்பிடு. அவன் எடுப்பான்.

மாணவர்களே, கருத்துப் பெட்டியில் சண்டை வேண்டாம். வேட்டை சரியா தப்பா என்று உங்களுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் மாறுபடலாம், மரியாதையாக எழுதுங்கள். அங்கே வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், அவனும் படிப்பான். அஞ்செட்டிப் பள்ளிப் பிள்ளைகள் யார் யார் இங்கே இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், நாவலூர்